யாழ்ப்பாணத்திலிருந்து சிங்கராஜாவுக்கு: நண்பர்களோடு மழைக்காட்டில் நடக்கிற முறை

யாழ்ப்பாணத்துக் கால்களுக்கு மழைக்காட்டில் சிரமம் தருவது ஏற்றத்தைவிட ஈரம்தான். இங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 1,250 மி.மீ. மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசியில் தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். சிங்கராஜாவில் 3,000 முதல் 5,000 மி.மீ. வரை பெய்கிறது. அங்கே மழையே இல்லாத மாதம் என்று ஒன்றை எண்ணிக்கொண்டு போக முடியாது. அதனால் சப்பாத்து, உடுப்பு, சாப்பாடு, புறப்படும் நேரம் எதைத் தீர்மானிப்பதாக இருந்தாலும் "இது நனைந்தால் என்ன ஆகும்?" என்று முதலில் கேளுங்கள்.

எந்தக் காடு, எந்த வாசல்

வில்பத்து எங்களுக்குக் கிட்ட இருந்தாலும் அங்கே வாகனத்தை விட்டு இறங்கி நடக்க விடமாட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளி நடக்கக்கூடிய தேசியப் பூங்காதான், ஆனால் அது குளிர்ந்த புல்வெளியும் முகில் காடும். தாழ்நில மழைக்காட்டில் நடக்க வேண்டுமென்றால் சிங்கராஜாதான். இது வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உள்ளே இருக்கும் மரவகைகளில் 60 வீதத்துக்கு மேல் இலங்கைக்கு வெளியே இயற்கையாக வளர்வதில்லை.

முதல் தடவை போகிறவர்களுக்குக் குடாவ வாசல் போதும். இரத்தினபுரியிலிருந்து களவானை, வெத்தாகல வழியாக அங்கே போகலாம். 1972 முதல் 1977 வரை இயந்திரங்களால் மரம் தறித்தபோது லொறிகளுக்காகப் போட்ட தெருதான் இன்றைக்கு அங்கே பிரதான நடைபாதை. அதனால் தொடக்கம் அகலமாகவும் சரிவு குறைந்தும் இருக்கும். அதிலிருந்து பிரிந்து மௌலவெல்ல உச்சிக்கு (சுமார் 760 மீ.) ஏறலாம். சிங்ககல (சுமார் 742 மீ.) உயரத்தில் அதற்குக் கொஞ்சம் குறைவு, தூரத்தில் கூட. அது முழுநாள் நடை. உயரத்தைப் பார்த்து "சின்ன மலைதானே" என்று அதைத் தெரிவு செய்கிற குழுக்கள் பின்னேர மழையில் நடுக்காட்டில் மாட்டிக்கொள்வதுண்டு.

தெனியாயப் பக்கம் இருக்கும் பிட்டதெனிய வாசல் அருவிகளுக்கும் ஆற்றுக்கும் பெயர் போனது. அங்கே ஆறு, ஓடை கடக்க வேண்டியிருக்கும், கால் காய வாய்ப்பில்லை. இரண்டாம் தடவைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ரக்வானைப் பக்கத்து மோர்னிங்சைட் இன்னும் உயரம், ஆட்கள் குறைவு. பறவை பார்ப்பவர்களுக்கு அது நல்ல இடம், புதியவர்களுக்கு வேண்டாம்.

எப்போது

தைப்பொங்கல் முடிந்ததிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரைதான் முதல் தெரிவு. அடுத்தது ஆவணி, புரட்டாதி. ஆனால் நல்லூர்த் திருவிழா 25 நாளும் அந்தப் பக்கத்தில்தான் வரும். விரதம் இருக்கும் நண்பரைக் கூப்பிட்டு வீட்டுக்காரரின் ஏச்சு வாங்க வேண்டாம், திருவிழா முடியட்டும். வைகாசி, ஆனியில் தென்மேற்குப் பருவமழை நேரே அந்த மலைகளில்தான் மோதுகிறது, தவிர்த்துவிடுங்கள். சித்திரை லீவில் காலை வெளிச்சமாக இருக்கும், இரண்டு மணிக்குப் பிறகு இடிமின்னல். போயா தினமும் நீண்ட வாரஇறுதியும் வாசலில் கூட்டம். கிழமை நாளில் போனால் காடு சத்தமில்லாமல் இருக்கும்.

புறப்படுவதற்கு முதல் மூன்று நாள் வானிலை அறிக்கையோடு மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டவாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கும். இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை மூன்றில் உங்கள் வழி போகும் மாவட்டத்துக்கு மஞ்சள் வந்தால் நாளைத் தள்ளுங்கள். வான்காரருக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

போய்ச் சேருதல்

வானில் போவதென்றால் ஏ9 வழியாகத் தம்புள்ளை, பிறகு குருநாகல், கேகாலை, அவிசாவளை, இரத்தினபுரி. பஸ்ஸில் என்றால் இரவு பஸ் அல்லது ரயிலில் கொழும்பு, அங்கிருந்து இரத்தினபுரி பஸ், பிறகு களவானை பஸ். எப்படிப் போனாலும் இரவெல்லாம் பயணம் செய்துவிட்டு அன்று காலையே காட்டுக்குள் இறங்கக்கூடாது. நித்திரையில்லாத கால்தான் பாசி பிடித்த கல்லில் வழுக்கும். முதல்நாள் பின்னேரத்துக்குள் குடாவ ஊருக்குள் போய், ஊர்வீட்டு விடுதியில் தங்கி, மறுநாள் விடிய நடக்கத் தொடங்குங்கள். கடைசிக் கிலோமீற்றர்கள் ஒடுக்கமான தெரு. பெரிய வான் என்றால் விடுதிக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இல்லாவிட்டால் களவானையில் இறங்கி முச்சக்கரவண்டி பிடிப்பது சுலபம்.

எல்லாரும் தேசிய அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுக் கட்டணம் வேறு வேறு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் லீவுக்கு வந்த மச்சான்மாரைக் கூட்டிக்கொண்டு போகிறபோது வாசலில் இதுதான் வாக்குவாதம் ஆகும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் வெளிநாட்டுக் கட்டணம், அவர் எவ்வளவு நல்ல தமிழ் கதைத்தாலும். காசைப் பிரிக்கும்போதே இதைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆறேழு பேருக்கு ஒருவர் என்று எடுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்றால் பின்னால் வருகிறவர்களுக்கு அவர் சொல்வது கேட்காது. பெரும்பாலும் சிங்களம்தான் கதைப்பார்கள், அதனால் சிங்களம் தெரிந்த ஒருவர் அவருக்குப் பின்னாலேயே நடக்கட்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது, வழியில் எத்தனை ஓடை ஆகிய மூன்றையும் உள்ளே போக முதல் கேட்டு எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பழகுவது

குடாநாட்டில் ஒரு மலை கிடையாது. அதனால் நல்லூரைச் சுற்றி எத்தனை கிலோமீற்றர் நடந்தாலும் இறக்கத்தில் வேலை செய்யும் தொடைத் தசை பழகாது. மறுநாள் கால் பிடித்துக்கொள்வது இறங்கியதால்தான். மூன்று கிழமைக்கு முதல் தொடங்குங்கள். கிழமைக்கு மூன்று நாள், மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் 5 கிலோ பையோடு பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல் மெதுவாக இறங்குங்கள். ஞாயிற்றுக்கிழமையில் மணற்காட்டுக்குப் போய் மணல் மேடுகளில் ஒரு மணித்தியாலம் ஏறி இறங்கினால் கணுக்காலும் உறுதிப்படும். நடைக்குப் போடப் போகும் அதே சப்பாத்தோடு, அதே காலுறையோடு பழக வேண்டும். கடையிலிருந்து வாங்கின புதுச் சப்பாத்தைக் காட்டில் முதல்தடவை போட்டால் இரண்டாவது மணித்தியாலத்தில் குதிகாலில் கொப்புளம் வந்துவிடும்.

உடுப்பும் சப்பாத்தும்

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் பாரம் ஏறும், முழங்காலில் இறுகும், இரண்டு நாளாகியும் காயாது. பருத்தி ரீசேட்டும் அப்படித்தான். விளையாட்டுக்காரர் போடும் பொலியெஸ்ரர் மேற்சட்டையும் மெல்லிய நீளக் காற்சட்டையும் போதும். கறுப்பு நிறத்தில் இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறுவது தெரியாது, வெளிர்நிறம் எடுங்கள்.

சப்பாத்து வாங்கும்போது மேல்பக்கத்தைவிட அடியைப் பாருங்கள். தவாளிப்பு ஆழமாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் சேறு அப்பாது. தண்ணீர் புகாத சப்பாத்து என்று கூடின விலைக்கு வாங்குவதில் பயனில்லை. ஓடையில் கால் வைத்தால் தண்ணீர் மேலால் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும். தண்ணீர் விரைவாக வடியும் சாதாரணச் சப்பாத்துத்தான் நல்லது. அடி ஒட்டின பழைய சப்பாத்தைக் கொண்டுபோக வேண்டாம். எங்கள் வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்த பசை ஈரத்தில் விட்டு, அடி கழன்று வரும். எதற்கும் குழுவுக்கு ஒரு சுற்று அகலமான ஒட்டுநாடா இருக்கட்டும்.

அட்டை

பயப்படுகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். சிங்கராஜா அட்டை ஆளைக் கொல்லாது, மனிதருக்கு நோய் கொண்டுவருவதாகவும் அது பெயர் எடுக்கவில்லை. காய்ந்த இலைகளுக்குள்ளும் பாதையோரத்துச் செடி நுனியிலும் காத்திருக்கும். நில அதிர்வு, உடற்சூடு, மூச்சுக்காற்று மூன்றையும் வைத்து ஆள் வருவதை அறியும். அதனால் வரிசையில் முதல் ஆள் எழுப்பிவிடுவார், இரண்டாம் மூன்றாம் ஆட்களில் ஏறும். நின்றுகொண்டு கதைக்கிறவரில்தான் கூட ஏறும். இளைப்பாறுவது கல்லிலோ வெறுந்தரையிலோ இருக்கட்டும், இலைமெத்தையில் இருக்க வேண்டாம்.

சாதாரணக் காலுறையின் பின்னலுக்குள்ளால் அது புகுந்துவிடும். அட்டைக் காலுறை வாசலுக்குக் கிட்டக் கடைகளில் கிடைக்கும், ஆனால் அளவு சரியாக வராது. ஊரிலேயே தையல்காரரிடம் தைப்பித்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக நெய்த வெள்ளைப் பருத்தித் துணியை முதலில் ஒருதடவை தோய்த்துச் சுருங்க விட வேண்டும். பாதத்தின் நீளத்தைவிட 3 செ.மீ. கூட, உயரம் குதிகாலிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை, சுமார் 45 செ.மீ. இரண்டு துண்டாக வெட்டி இரட்டைத் தையல், மேல்விளிம்பில் நாடா கோர்க்கும் மடிப்பு. தையல் ஓரம் வெளிப்பக்கம் இருக்கச் சொல்லுங்கள், உள்ளே இருந்தால் விரல் உரசிப் புண்ணாகும்.

போடும் ஒழுங்கு முக்கியம். முதலில் மெல்லிய காலுறை. பிறகு காற்சட்டையின் கீழ்ப்பகுதியைக் காலோடு சுற்றி மடித்து, அதற்கு மேலால் அட்டைக் காலுறை. நாடாவை முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள், இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். கடைசியாகச் சப்பாத்து. காற்சட்டையை வெளியே விட்டால் அட்டை காலுறைக்கு மேலால் ஏறிக் காற்சட்டைக்கு உள்ளால் போய்விடும், காலுறை போட்டும் பயனில்லை. மேற்சட்டையையும் காற்சட்டைக்குள் செருகுங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு கட்டலாம்.

துணியின் வெளிப்பக்கம் காய்ந்த சவர்க்காரக் கட்டியை அழுத்தித் தேய்த்தால் அட்டை ஏறத் தயங்கும். உப்பும் வேலை செய்யும், ஆனால் ஒரு மழையோடு கரைந்து போய்விடும், தோலிலும் எரியும். ஊர்க்காரர் சித்தாலேப என்ற மூலிகைக் களிம்பைப் பூசுவார்கள். நுளம்பு விரட்டி மருந்தும் தடுக்கும். டீட் கலந்ததாக இருந்தால் கைக்கடிகாரத்திலும் போன் உறையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது பிளாஸ்ரிக்கை இளக்கிவிடும். எதைப் பூசினாலும் ஓடைக்குள் போய்க் கழுவ வேண்டாம். அந்தத் தண்ணீரில் உலகில் வேறெங்கும் இல்லாத மீன்களும் தவளைகளும் இருக்கின்றன.

கடித்துவிட்டால்: அட்டைக்கு இரண்டு முனையிலும் உறிஞ்சி உண்டு. மெல்லிய முனைதான் வாய். அந்த இடத்தில் தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மற்றக் கை நகத்தைத் தோலோடு படுக்கையாக வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். வாய் விட்டதும் உடனே தடித்த முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிடுங்கள். தாமதித்தால் வாய் உங்கள் விரலில் ஒட்டிக்கொள்ளும். நெருப்புக்குச்சி வைப்பது, உப்புக் கொட்டுவது, பிடித்து இழுப்பது வேண்டாம். வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும், இழுத்தால் தோல் கிழியும். உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் இருப்பதால் காயம் சிறிதென்றாலும் மணிக்கணக்கில் கசியும். கழுவி, பஞ்சை வைத்து அழுத்தி, பிளாஸ்டர் ஒட்டுங்கள். பிறகு சில நாள் அரிக்கும், சொறிந்தால்தான் புண் பழுக்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் புறப்பட முதல் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

பையும் சாப்பாடும்

ஒருநாள் நடைக்கு 20 லீற்றர் பை போதும், பாரம் 5 கிலோவைத் தாண்டக்கூடாது. பைக்கு வெளியே மாட்டும் மழையுறையை மட்டும் நம்ப வேண்டாம், முதுகுப் பக்கத்தால் தண்ணீர் வடிந்து உள்ளே போகும். உள்ளே ஒரு தடித்த பையைப் போட்டு வாயை முறுக்கிக் கட்டி, அதற்குள் மாற்றுடுப்பு, மாற்றுக் காலுறை, தலைவிளக்கு, மருந்து. போனும் பணமும் இன்னொரு சிறு பைக்குள். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர். காற்றில் ஈரப்பதன் கூடியதால் வியர்வை ஆவியாகாது, வடியத்தான் செய்யும். உடல் குளிராமலே தண்ணீரும் உப்பும் போய்க்கொண்டிருக்கும். தலையிடி, வயிற்றுப்பிரட்டு, கால் இழுப்பு வந்தால் வெறும் தண்ணீர் காணாது. ஒரு பக்கற் ஜீவனியை (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) 1 லீற்றர் தண்ணீரில் கரைத்து மெதுவாகக் குடிக்கக் கொடுங்கள். பாதி பக்கற்றைப் போத்தலில் கண்மட்டத்துக்குக் கலக்க வேண்டாம்.

மதியத்துக்குச் சோற்றுப்பொதி என்றால் தேங்காய்ப்பூச் சம்பல் வைக்க வேண்டாம், அந்தப் புழுக்கத்தில் பதினொரு மணிக்கே புளித்துவிடும். பால்கறியும் அப்படியே. உலர்த்தி வறட்டின கறி, பொரித்த கருவாடு, அவித்த முட்டை நிற்கும். வழியில் கொறிக்க எங்கள் ஊர்ச் சாமான்களே மேல். பொரிவிளாங்காய் நசியாது, கெடாது, இரண்டு உருண்டை ஒரு ஏற்றத்துக்குக் காணும். எள்ளுப்பாகும் நல்லது. பனங்கட்டி ஈரத்தில் கசிந்து பையெல்லாம் ஒட்டும், ஒரு போத்தலுக்குள் போட்டு மூடுங்கள். புழுக்கொடியலை நடந்துகொண்டு சப்பினால் வாய் காயும், தண்ணீர்தான் கூடச் செலவாகும். பொதியை வாழையிலையில் கட்டுங்கள். பொலித்தீனையும் மதுவையும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். இலை, பூ, விதை எதையும் வெளியே கொண்டுவருவதும் குற்றம்.

நடக்கும் நாள்

வாசல் திறக்கும் நேரத்துக்கே அனுமதிச்சீட்டு எடுத்துவிடுங்கள். முன்னால் வழிகாட்டி, அவருக்குப் பின்னால் குழுவிலேயே மெதுவாக நடக்கிறவர், கடைசியில் அனுபவம் உள்ளவர். கடைசி ஆளைத் தாண்டி ஒருவரும் பின்தங்கக்கூடாது. சலம் கழிக்க நின்றாலும் கடைசி ஆளிடம் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். உச்சிக்குப் போனோமோ இல்லையோ, பகல் 12 மணிக்குத் திரும்பிவிடுவது என்று முதலே பேசி வையுங்கள். "இன்னும் பத்து நிமிஷம்" என்று இழுக்கிறவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். மலை மறைப்பாலும் இலைக்கூரையாலும் காட்டுக்குள் வெளியைவிட முன்னதாகவே இருட்டும்.

ஈர வேரில் மிதிக்காதீர்கள், அதைத் தாண்டி வையுங்கள். பாசிக் கல்லில் வேறு வழியில்லையென்றால் பாதம் முழுதும் பதிய, சின்ன எட்டாக. இறக்கத்தில் விழப்போனால் பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கக் கை போகும். பிரம்பு முள்ளும் பச்சைப் பாம்பும் அந்த உயரத்தில்தான் இருக்கும். கைத்தடி ஒன்று இருந்தால் அந்தப் பழக்கம் வராது.

பறவை பார்க்க ஓடித்திரிய வேண்டியதில்லை. இந்தக் காட்டில் பல இனங்கள் ஒரே கூட்டமாக இரை தேடிப் போகும். செம்மஞ்சள் அலகுள்ள தவிட்டுக் குருவிகளின் கலகலப்புக் கேட்டால் அதே இடத்தில் கால்மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். கரிச்சான் பின்னால் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் செவ்வலகுள்ள நீலப் பறவையும் கூட்டத்தோடு கடந்து போகும். அந்தக் கால்மணி நேரத்தில் காலில் அட்டையும் ஏறும், அதைப் பிறகு பார்க்கலாம்.

ஓடை கடக்கும்போது தண்ணீர் முழங்காலுக்கு மேல் என்றால் இறங்காதீர்கள். இறங்குவதற்கு முதல் பையின் இடுப்புப் பட்டியையும் நெஞ்சுப் பட்டியையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையைக் கைவிட்டு எழும்பலாம், மாட்டியிருந்தால் அது ஆளைத் தண்ணீருக்குள் அமத்தும். இரண்டிரண்டு பேராகத் தோளைப் பிடித்து, தண்ணீர் வரும் திசையைப் பார்த்துப் பக்கவாட்டாகக் கடவுங்கள். சப்பாத்தைக் கழற்ற வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கினால், இலையும் தடியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் உடனே கரையேறி உயரத்துக்குப் போங்கள். அருவிக்குக் கீழே குளிக்கிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். பெருகின ஓடை மழை விட்டபின் சில மணித்தியாலத்தில் இறங்கும். அதுவரை காத்திருப்பதற்குத்தான் பையில் மிச்சச் சாப்பாடும் தலைவிளக்கும்.

பாம்பு கடித்தால்

எங்களுக்குத் தெரிந்தது நாகமும் புடையனும். சிங்கராஜாவில் கவனிக்க வேண்டியது மூக்கு நுனி மேலே வளைந்த, ஒரு முழம்கூட வராத, காய்ந்த இலை நிறத்து விரியன். இலைக்குள் கிடந்தால் கண்ணுக்குப் படாது. இலங்கை ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் இந்தியப் பாம்பு விஷமுறிவு மருந்து இதன் விஷத்துக்கு வேலை செய்யாது. அதனால் வீக்கத்தையும் சிறுநீரகத்தையும் ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணிக்க வேண்டியிருக்கும். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம். மோதிரம், கடிகாரம், சப்பாத்தைக் கழற்றுங்கள். கடிபட்ட காலைத் தடி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நிற்காமல், முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். குடாவப் பக்கமென்றால் களவானை ஆஸ்பத்திரி, பிட்டதெனிய என்றால் தெனியாய. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம், ஆனால் உள்ளே போன் சிக்னல் நம்பமுடியாது. வேகமாக நடக்கக்கூடிய இருவரை வாசலுக்கு முன்னே அனுப்புவதுதான் நடக்கிற காரியம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

திரும்பி வந்தபின்

விடுதிக்குள் ஏற முதல் வெளியிலேயே உடுப்பை உதறுங்கள். இடுப்புப் பட்டி, அக்குள், முழங்காலின் பின்புறம், காதுக்குப் பின்னால் பாருங்கள். பாதத்தைக் கழுவித் துடைத்து விரலிடுக்கைக் காயவிடுங்கள். நாள் முழுக்க ஈரத்தில் ஊறின தோல் வெள்ளையாகச் சுருங்கி இலேசில் கிழியும். சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை மாற்றினால் இரவுக்குள் பெரும்பாலும் காயும். ஊருக்கு வந்து சுள்ளென்ற வெயிலில் வைத்தால் தோல் வெடித்துப் போகும், நிழலில் காயவையுங்கள்.

சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் கால்வைத்ததால் எலிக்காய்ச்சலுக்கு வாய்ப்பு உண்டு. இரத்தினபுரி மாவட்டத்தில் அது அடிக்கடி வரும் நோய். காலில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் போக முதலே சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்கலாம். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் முதல் வசனமாகவே "சிங்கராஜாவில் தண்ணிக்குள்ள இறங்கினனான்" என்று சொல்லி, எந்தத் திகதி என்பதையும் சொல்லுங்கள்.